பிளந்த தகட்டை எபாக்சி தாங்குமா?

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு எழுதிய பதிலில், "காரின் வெளித்தகட்டில் விழும் விரிசல்கள் பலவற்றை வெல்டிங் இல்லாமல் நல்ல எபாக்சியாலேயே சரிசெய்துவிடலாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு பாகங்களைக் கலந்ததும் இறுகும் பசைதான் எபாக்சி. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. சிலர் அதை நம்பவே இல்லை. சிலர் அளவுக்கு மீறி நம்பிவிட்டார்கள். இரண்டாவது வகைக் கடிதங்களைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. தகட்டு வேலையில் 31 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இம்முறை சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் காரில் ஓட்டுநர் பக்கக் கதவின் முன்விளிம்பில், கீல்கள் இரண்டுக்கும் நடுவே விரிசல் விட்டிருக்கிறது. இரண்டு முறை வெல்டிங் வைத்தாயிற்று. ஆறு மாதத்துக்குள் பற்றவைத்த இடத்தை ஒட்டியே மறுபடி பிளக்கிறது. எபாக்சி போட்டால் நிற்குமா, ஐயா?

நிற்கும். ஆனால் பசையை வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். கதவை மெதுவாக, முழுவதும் திறந்து, கடைசியில் என்ன நடக்கிறது என்று கையால் உணருங்கள். கதவு அளவுக்கு மேல் போகாமல் பிடித்து நிறுத்த, கீல்களுக்கு நடுவே ஒரு பட்டை இருக்கும். அது தேய்ந்திருந்தால் கதவு தளர்ந்துபோய்க் கடைசியில் 'டக்' என்று இடித்து நிற்கும். காற்றடிக்கும்போது கதவைத் திறந்தால் அந்த இடி பல மடங்காகும். இடி முழுவதும் போய் இறங்குவது, பட்டையின் போல்ட் மாட்டியிருக்கும் அந்த உள்ளங்கை அளவு தகட்டில்தான். கார் வெளித்தகடுகளின் தடிமன் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர். அஞ்சலட்டைகள் மூன்று நான்கை அடுக்கிய கனம்கூடத் தேறாது. ஆயிரக்கணக்கான முறை இழுபட்டு இழுபட்டுக் களைத்த பிறகுதான் அது பிளந்திருக்கிறது.

வெல்டிங் ஏன் நிற்கவில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. பற்றவைத்த வரி தடித்து, விறைத்துப்போகிறது. அதன் ஓரத்தில் சூடுபட்ட மெல்லிய தகடு தன் இயல்பை இழக்கிறது. விறைத்த பகுதி வளைய மறுப்பதால், வளைவு முழுவதும் அந்த ஓரத்தில் குவிகிறது. "பற்றவைத்த இடத்தை ஒட்டியே" என்று நீங்கள் எழுதியிருப்பது அதனால்தான். பட்டையையும் கீல் ஊசிகளையும் மாற்றாமல் மூன்றாவது முறை எதைச் செய்தாலும், அடுத்த விரிசல் எங்கே விழும் என்பது மட்டுமே மாறும்.

அவற்றை மாற்றிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். விரிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் 40 மில்லிமீட்டர் அளவுக்குப் பெயின்ட்டையும், பள்ளம் நிரப்பப் பூசிய பழைய பட்டியையும் எடுத்துவிடுங்கள். பழைய வெல்டிங் மேட்டைத் தகட்டோடு சமமாக அரத்தால் தேய்த்துவிடுங்கள். பிறகு விரிசலின் நுனி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற நுனி உண்மையான நுனி ஆகாது. மார்க்கர் பேனா மையை அந்த இடத்தில் தாராளமாகத் தடவி, ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள். மேல் மை போய்விடும். விரிசலுக்குள் இறங்கிய மை மயிரிழைபோல் நிற்கும். அந்த இழை முடிகிற இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். கூரான நுனியில் குவியும் இழுவிசை வட்டமான துளையின் ஓரத்தில் பரவிவிடுவதால், விரிசல் மேலே ஓடாது.

அடுத்து, உள்பக்கம் வைக்கும் ஒட்டுத்தகடு. கதவுத் தகட்டின் தடிமனையே எடுங்கள், மிஞ்சினால் ஒரு மில்லிமீட்டர். "பலமாக இருக்கட்டும்" என்று 2 மில்லிமீட்டர் தகடு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெல்டிங் மேடு செய்த அதே தவறை அந்தத் தடித்த தகட்டின் விளிம்பும் செய்யும். விரிசலின் இரு கரைகளிலும் 30 மில்லிமீட்டராவது அது படிந்திருக்க வேண்டும். மூலைகளை நாணயம்போல் வட்டமாக்கி, விளிம்பை அரத்தால் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். பட்டையின் போல்ட்டுகள் இந்த ஒட்டுத்தகட்டையும் துளைத்துக்கொண்டு போகட்டும். இதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது.

எபாக்சியை இரண்டு விதமாக இழுத்துப் பார்க்கலாம். ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு தகடுகளை எதிரெதிர்த் திசையில், தகட்டின் தளத்திலேயே இழுப்பது ஒன்று. இந்த விதத்தில் நல்ல கட்டமைப்பு எபாக்சி எஃகின்மேல் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அளவுக்குத் தாங்கும். 100 மில்லிமீட்டர் நீள விரிசலின் ஒரு கரையில் 25 மில்லிமீட்டர் அகலம் ஒட்டியிருந்தால் 2,500 சதுர மில்லிமீட்டர்; பெருக்கினால் 50,000 நியூட்டன். ஒட்டின் விளிம்புகளே சுமையில் பெரும்பங்கைத் தாங்குவதால் இந்த ஏட்டுக் கணக்கு முழுவதும் கைக்கு வராது. பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 0.7 மில்லிமீட்டர் தகடு 100 மில்லிமீட்டர் அகலத்தில் 14,000 நியூட்டன் வாக்கிலேயே நீளத் தொடங்கிவிடும். பசை விடுவதற்கு முன் தகடே இழுபட்டுப்போகும் என்று பொருள்.

இன்னொரு விதம், ஒரு முனையைத் தூக்கி உரிப்பது. வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல. இங்கே சுமை முழுவதும் பசையின் ஓர் ஓரத்தில், நூல் அளவு அகலத்தில் விழுகிறது. முன்னால் சொன்ன அத்தனை பலமும் இங்கே உதவாது. மெல்லிய தகட்டின் ஓரத்தைக் குறடால் பிடித்துச் சுருட்டினால், சாதாரண எபாக்சி சரசரவென்று விட்டுக்கொண்டே வரும். உங்கள் கதவில் பட்டை இழுக்கிற இழுப்பு தகட்டைவிட்டுப் பெயர்க்கிற இழுப்பு. அதைப் போல்ட்டுகள் ஏற்கட்டும். விரிசலின் கரைகளைச் சேர்த்துப் பிடிக்கும் வேலையைப் பசை ஏற்கட்டும். கடையில் கேட்கும்போது, உரிவதைத் தாங்க ரப்பர் துகள் கலந்து செய்த உலோகப் பசையாகக் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் சின்னக் குழாய் எபாக்சி இதற்கு வேண்டாம். சூடும் ஈரமும் அதற்கு ஆகாது.

இனி, சுத்தம் செய்வது. இதைப் பற்றி எழுதும்போது எனக்கு எப்போதும் ஒரு கதவு நினைவுக்கு வரும். வேலை கற்ற நாளில் நானே தனியாக ஒட்டிய முதல் ஒட்டு அது. மாலையில் தகட்டைப் பளபளவென்று தேய்த்துவைத்தேன். மறுநாள் காலையில் பசை கலந்து ஒட்டினேன். மூன்றாவது மாதம் கதவு திரும்பி வந்தது. மேஸ்திரி ஓர் உளியை ஓரத்தில் வைத்து லேசாகத் தட்டினார். ஒட்டு முழுசாக அவர் கையோடு வந்தது. அவர் திட்டவில்லை. அதைத் திருப்பி என் கண்ணுக்கு அருகே பிடித்தார். பசையின் முகத்தில் என் உப்புத்தாள் கீறல்கள் ஒவ்வொன்றும் அச்சு எடுத்ததுபோல் பதிந்திருந்தன. அவற்றின்மேல் மஞ்சள் தூளை ஊதிவிட்டதுபோல ஒரு மெல்லிய பழுப்பு. ஓர் இரவின் ஈரக்காற்றில் எழுந்த துரு அது. என் பசை துருவை இறுகப் பிடித்திருந்தது. துருதான் தகட்டைப் பிடிக்கவில்லை.

அதனால் வரிசை இதுதான். முதலில் மெழுகும் எண்ணெயும் போகக் கரைப்பானால் துடையுங்கள். தேய்த்துவிட்டுத் துடைத்தால் அழுக்கு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு துணியில் கரைப்பானைத் தொட்டுத் துடைத்து, அது காய்வதற்குள் வேறொரு காய்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். பிறகு 80 எண் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். மறுபடி அதேபோல் துடையுங்கள். இப்போது தெளிந்த நீரைத் தகட்டின்மேல் ஊற்றிப் பாருங்கள். ஒரே படலமாக விரிந்து நின்றால் தகடு சுத்தம். தாமரை இலைபோல் முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, திரும்பத் தொடங்குங்கள். சுத்தம் என்று தெரிந்ததும் சூட்டுக்காற்றால் உடனே உலர்த்தி, விரலால் தொடாமல், ஒரு மணி நேரத்துக்குள் ஒட்டிவிடுங்கள்.

ஒட்டுவதில் ஒரே ஒரு எச்சரிக்கை. இரண்டு முகங்களிலும் பசையைத் தேய்த்துப் படியவைத்து, கிளாம்பை மென்மையாக முடுக்குங்கள். பலத்தைக் காட்டி முடுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கி, உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளும். நடுவே ஒட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. கால் மில்லிமீட்டர் பசை நடுவே நிற்க வேண்டும். அந்த அளவுக்கான கண்ணாடி மணிகள் சில பசைகளில் கலந்தே வருகின்றன. இல்லையென்றால் அதே கனமுள்ள மெல்லிய கம்பித்துண்டுகள் நான்கை நடுவே வைத்துவிடுங்கள். உள்பக்கம் பிதுங்கிய பசையை வழித்தெடுக்காமல் ஓரத்தில் சரிவாகப் படியவிடுங்கள், அது உரிவதைத் தடுக்கும். 25 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரம் கதவைத் தொடாதீர்கள். முழுப் பலம் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை அறைந்து சாத்த வேண்டாம். கடைசியாக, வெளித்தெரியும் வெறும் உலோகம் முழுவதற்கும் எபாக்சி பிரைமர்.

கேள்வி: என் வண்டியில் முன்சக்கர ஷாக் அப்சார்பர் மேலே வந்து மாட்டும் இடத்தில் தகடு பிளந்திருக்கிறது. பெரிய நிறுவனங்களே காரைப் பசையால் ஒட்டித் தயாரிக்கின்றன என்று படித்தேன். உங்கள் பதிலைப் பார்த்ததும் எபாக்சி வாங்கிவைத்துவிட்டேன். எப்படிப் போடுவது?

போடாதீர்கள். எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த கடிதம் உங்களுடையதுதான்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. 1996-இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலீஸ் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் அலுமினியச் சட்டம் எபாக்சியால் ஒட்டப்பட்டது. சுமார் 68 கிலோ எடையில் ஒரு முழுக் காரையும் தாங்கியது. ஆனால் அந்தப் பசை எந்தச் சூழ்நிலையில் ஒட்டப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அலுமினியத்தின் மேற்பரப்பை மின்வேதி முறையில் பதப்படுத்தி, பசையைச் சூளையில் இறுக்கி, மூட்டுகள் உரியாமலிருக்கத் திருகுகளும் போட்டார்கள். பசைக்கு ஏற்றபடி மூட்டின் வடிவத்தையே முதலிலிருந்து வரைந்தார்கள். இன்று பல கார்களில் மீட்டர் கணக்கில் பசை ஓடுகிறது என்பதும் உண்மை. அங்கும் பெரும்பாலும் அதனோடு புள்ளி வெல்டிங்கோ ரிவெட்டோ இருக்கும்.

உங்கள் வண்டியில் பிளந்திருக்கும் இடம் சாலையின் ஒவ்வொரு குழியையும் சக்கரத்திலிருந்து வாங்கி உடலுக்குக் கடத்தும் இடம். அது விட்டுப்போனால் சக்கரத்தின் கோணமே மாறிவிடும், அதுவும் வேகத்தில் போகும்போது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், கூரையைத் தாங்கும் தூண்கள், சீட் பெல்ட் மாட்டும் இடம், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பிடிமானங்கள் ஆகியவை எல்லாம் இதே வகைதான். அங்கே விரிசல் கண்டால், காரைத் தயாரித்தவர் தந்திருக்கும் பழுது நெறிமுறைப்படி, அதற்கான பயிற்சியும் கருவியும் உள்ளவர் செய்ய வேண்டும். அந்த நெறிமுறையில் பசை வரலாம். எந்தப் பசை, எங்கே, எத்தனை ரிவெட்டுடன் என்று அதிலேயே சொல்லியிருக்கும். சாலையில் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். இதை அதட்டலாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு மூத்தவனின் வேண்டுகோளாக எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய எபாக்சி வீணாகாது, மட்கார்டு விளிம்பில் என்றாவது ஒரு விரிசல் வரும்.

கேள்வி: சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை ஒன்றரை மடங்கு ஊற்றினேன். மூன்று நாளாகியும் நகம் பதிகிறது. மேலே இன்னும் கொஞ்சம் ஹார்டனர் தடவலாமா?

தடவினாலும் பயனில்லை. உங்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, ஏனென்றால் பட்டி வேலை தெரிந்த கைகளே இந்தத் தவறைச் செய்கின்றன. பாலியெஸ்டர் பட்டியில் நாம் சேர்க்கும் பசையோ திரவமோ ஒரு தூண்டுகோல் மட்டுமே. நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு போதும், கூட்டினால் சீக்கிரம் இறுகும், குறைத்தால் தாமதமாகும். அந்தப் பழக்கம் கையில் ஊறிவிடுகிறது.

எபாக்சியின் ஹார்டனர் அப்படிப்பட்டது இல்லை. அது தூண்டிவிட்டு ஒதுங்கி நிற்பதில்லை. ரெசினோடு கைகோத்துப் பின்னலின் ஒரு பாதியாகவே ஆகிவிடுகிறது. ஒவ்வொரு ரெசின் கைக்கும் ஒரு ஹார்டனர் கை இருக்க வேண்டும். நீங்கள் கூடுதலாக ஊற்றியவை பிடிக்கக் கை கிடைக்காமல் அந்தக் கெட்டிக்குள்ளேயே வழுவழுவென்று நிற்கின்றன. அவை இனி எத்தனை நாளானாலும் இறுகாது. சூடு காட்டினாலும் பயன் இருக்காது. முழுவதையும் சுரண்டி எடுத்து, துடைத்து, தேய்த்து, புதிதாகத் தொடங்குவதுதான் வழி.

விகிதத்தைப் படிக்கும்போது அது எடைக்கணக்கா கொள்ளளவுக் கணக்கா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது, ஏனென்றால் ரெசினும் ஹார்டனரும் ஒரே அடர்த்தி உடையவை அல்ல. கண்ணால் அளக்காதீர்கள், சிறிய அளவு கலக்கும்போது கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு வேண்டும். கலக்கும்போது கோப்பையின் சுவரையும் அடியையும் வழித்து வழித்து மூன்று நிமிடமாவது கலக்குங்கள். பிறகு வேறொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். முதல் கோப்பையின் மூலையில் கலக்காமல் ஒட்டியிருப்பது அங்கேயே தங்கிவிடும். ரெசினையும் ஹார்டனரையும் சேர்த்துப் பிதுக்கும் இரட்டைக் குழாய்த் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், கலவை மூக்கிலிருந்து முதலில் வருவதை அந்த மூக்கின் நீளத்துக்கு வெளியே விட்டுவிட்டுப் பிறகே தகட்டில் இடுங்கள்.

வேகம் வேண்டுமென்றால் வெப்பத்தைக் கூட்டுங்கள். தோராயமாக 10 டிகிரி கூடினால் இறுகும் நேரம் பாதியாகும். குளிரில் 10 டிகிரிக்குக் கீழே போனால் பல எபாக்சிகள் அநேகமாக உறங்கிவிடும். கலந்ததை ஆழமான கோப்பையில் குவித்தும் வைக்காதீர்கள். இறுகும்போது அது தானே சூடாகும். குவிந்திருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி, புகைகிற அளவுக்குப் போய்விடும். அகலமான தட்டில் பரப்பிவைத்தால் வேலை செய்ய நேரமும் கிடைக்கும்.

கேள்வி: பம்பரில் ஒரு சாண் விரிசல். நீங்கள் சொல்லும் சுத்தமெல்லாம் செய்துதான் எபாக்சி போட்டேன். காய்ந்த புண்ணின் பொருக்குபோல அப்படியே கழன்று வந்துவிட்டது. என்ன தவறு?

தவறு பொருளில். பம்பரைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் பெயரை ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அநேகமாகப் பாலிபுரொப்பிலீனின் குறியும் அதோடு ரப்பர், டால்க் சேர்த்ததற்கான குறியும் இருக்கும். பாலிபுரொப்பிலீன் எதையும் தன்மேல் படியவிடாத இனம். எபாக்சி அதன்மேல் விரியாது, பிடிக்காது. அதற்கு அதே பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வெல்டிங் செய்வதும், உள்பக்கம் கம்பி வலையைச் சூட்டில் பதிப்பதும்தான் நிலைக்கும் வழி. பசைதான் வேண்டும் என்றால், பசையைப் பிடிக்கவைக்க பிளாஸ்டிக்குக்கென்று வரும் ஒட்டூக்கியை முதலில் அடித்து, வளைந்துகொடுக்கும் இருபாகப் பாலியூரித்தேன் பசை போடுங்கள். குறி ஏபிஎஸ் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கைக் காட்டினால் எபாக்சி பிடிக்கும். ஆனால் பம்பர் வளையும், எபாக்சி அந்த அளவு வளையாது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: ஃபைபர் உடல் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சீர்செய்துவருகிறேன். சக்கர வளைவுக்கு மேலே நட்சத்திரம்போல் விரிசல்கள். பாலியெஸ்டர் உடலில் எபாக்சி போடலாமா, கூடாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

போடலாம், தாராளமாக. இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. ஃபைபர் வேலை எனக்கு உயிர். 1953-இல் கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் முதலில் வந்ததிலிருந்து இந்த வகை உடல்களில் பெரும்பாலானவை பாலியெஸ்டர் ரெசினும் கண்ணாடி இழையும் சேர்ந்தவையே. பல ஆண்டுகளுக்கு முன் இறுகிப்போன பாலியெஸ்டர்மேல் புதிய பாலியெஸ்டர் சுமாராகத்தான் பிடிக்கும். எபாக்சி அதைவிட நன்றாகப் பற்றும்.

முதலில் அந்த நட்சத்திரம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். பல நேரம் மேலேயுள்ள வண்ணப்பூச்சான ஜெல்கோட் மட்டுமே வெடித்திருக்கும், அடியில் இழை முழுசாக இருக்கும். ஒரு நாணயத்தின் விளிம்பால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டிக் டிக்' என்று தெளிவாகக் கேட்கும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் சத்தம் அமுங்கி, அட்டையைத் தட்டுவதுபோல் ஆகிவிடும். அமுங்கிய பரப்பைப் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். உங்களுடையதில் அது விரிசலைவிடப் பெரிதாக இருந்தால் வியக்காதீர்கள். சக்கரம் அடியிலிருந்து எறியும் கல் இப்படித்தான் நட்சத்திரம் போடும், உள்ளே அடிபட்ட வட்டம் வெளியே தெரிவதைவிட அகலமாகவே இருக்கும்.

அடிபட்டதைத் தேய்த்து எடுக்கும்போது சரிவு வேண்டும், தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு. 3 மில்லிமீட்டர் உடலுக்கு எல்லாப் பக்கமும் 36 மில்லிமீட்டர். இவ்வளவா என்று தோன்றும். செங்குத்தான பள்ளத்தில் நிரப்பினால் பழையதும் புதியதும் சந்திப்பது 3 மில்லிமீட்டர் சுவர் மட்டுமே. சரிவில் அந்தப் பரப்பு பன்னிரண்டு மடங்காகிறது. சுமையும் பசைக்குப் பிடித்தமான திசையில் வந்து விழுகிறது. கதவுக்காரருக்குச் சொன்ன அதே கணக்குத்தான்.

இழையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். பாலியெஸ்டருக்கு வாங்கிப் பழகிய துண்டு இழை விரிப்பை எபாக்சியோடு போடாதீர்கள். அந்த விரிப்பில் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பொருள் பெரும்பாலும் பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்றே ஆனது. எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை. பிடிமானம் கரையாது, விரிப்பு விறைத்தே நிற்கும், மூலைகளில் படியாது, வெள்ளை வெள்ளையாகக் காற்று தங்கும். நெய்த துணியோ, தைத்த இருதிசை இழையோ வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 400 கிராம் துணி, கையால் பூசும்போது ஓர் அடுக்குக்கு அரை மில்லிமீட்டர் அளவு வரும். 3 மில்லிமீட்டருக்கு ஆறு அடுக்கு. ஒவ்வொன்றையும் சரிவுக்கேற்ற அளவில் வெட்டி எண் போட்டு வைத்துக்கொண்டு பிறகு ரெசினைக் கலந்தால் அவசரம் இருக்காது. நனைந்த துணி கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். எங்கே வெள்ளைப் புள்ளி தெரிகிறதோ அங்கே ரெசின் இறங்கவில்லை. தூரிகையின் நுனியால் குத்திக் குத்தி இறக்குங்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நொடி, வெள்ளைத் துணி கையின் கீழே மெல்ல மறைந்து அடியிலுள்ள பென்சில் கோடு தெரியத் தொடங்கும் நொடி.

மேலே மறுபடி பாலியெஸ்டர் ஜெல்கோட் பூச நினைக்க வேண்டாம், எபாக்சிமேல் அது சரியாக இறுகாமல் போகக்கூடும். எபாக்சி பிரைமரும் பெயின்ட்டும் போதும். ஈரக்காற்றில் இறுகிய எபாக்சிமேல் மெழுகு தடவியதுபோல் ஒரு வழுவழுப்பு எழும். அதைத் தேய்ப்பதற்கு முன் வெறும் நீரும் சொரசொரப்பான பஞ்சும் கொண்டு கழுவுங்கள். தண்ணீரிலேயே போய்விடும், தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொண்டு, பெயின்ட் பின்னால் உரியும். கார்பன் இழை கைவசம் இருந்தால், இரும்பு அல்லது அலுமினியப் பாகம் தொடும் இடத்தில் அதை நேரடியாக வைக்காதீர்கள், நடுவே ஓர் அடுக்குக் கண்ணாடித் துணி இருக்கட்டும். இல்லையென்றால் ஈரம் சேர்ந்ததும் உலோகம் அரித்துப்போகும்.

கேள்வி: கருப்பு பானெட்டில் விரிசலை எபாக்சியால் அடைத்துப் பெயின்ட் அடித்தேன். உச்சி வெயிலில் அந்தக் கோடு மேடாகத் தெரிகிறது. மாலையில் மறைந்துவிடுகிறது. கண் மயக்கமா?

உங்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது. எபாக்சி சூட்டில் எஃகைவிட நான்கைந்து மடங்கு விரியும். கருப்புத் தகடு நேர் வெயிலில் 70 டிகிரியைத் தாண்டலாம். ஒரு மில்லிமீட்டர் கனமாக அடைத்திருந்தால், 50 டிகிரி ஏறும்போது அது எஃகைவிட இரண்டு மைக்ரானுக்கு மேல் கூடுதலாக உயரும். அதோடு, சாதாரண வெப்பத்தில் இறுகிய எபாக்சிகள் பல 50, 60 டிகிரியில் கண்ணாடித்தன்மையை இழந்து இளக ஆரம்பிக்கும். இளகிய பிறகு விரிவு பல மடங்காகும். பளபளக்கும் கருப்பு கண்ணாடிக்குச் சமம். அந்தச் சிறு மேட்டையும் காட்டிக்கொடுத்துவிடும்.

இனிச் செய்யும்போது, ஒரு நாள் இறுகவிட்ட பிறகு, பூச்சுக்கு முன், விளக்கு வைத்துத் தகட்டை 60 டிகிரியில் சில மணி நேரம் பிடித்துவையுங்கள். பசையின் குறிப்பில் அதற்கான வெப்பமும் நேரமும் இருக்கும். மிச்சமிருக்கும் இறுக்கமும் சுருக்கமும் அப்போதே நடந்து முடிந்துவிடும். இளகும் வெப்பமும் மேலே நகரும். அதற்குப் பிறகு தேய்த்துச் சமன்செய்து பெயின்ட் அடியுங்கள். பலத்தை அடியிலுள்ள ஒட்டுத்தகட்டுக்குக் கொடுத்துவிட்டு, மேலே நிரப்புவதை எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாக வையுங்கள். பானெட்டின் மூலையில் தாங்கும் ரப்பர் முளைகள் சரியான உயரத்தில் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். ஓடும்போது பானெட் அதிர்ந்ததால்தான் அங்கே விரிசல் வந்திருக்கக்கூடும்.

கேள்வி: எபாக்சி வேலை செய்த மறுநாள் மணிக்கட்டில் அரிப்பும் சின்னக் கொப்புளங்களும் வருகின்றன. இரண்டாவது முறை அதிகமாக வந்தது. கையைத் தின்னரால் நன்றாகக் கழுவிவிடுகிறேன்.

தம்பி, வேலையை இன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். எபாக்சிக்கு உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் அது அநேகமாக வாழ்நாள் முழுவதும் போகாது; ஒவ்வொரு முறையும் குறைந்த அளவுக்கே அதிகமாக எதிர்க்கும். என்னோடு வேலை செய்த மிகத் திறமையான ஒருவர் இதனாலேயே இந்தத் தொழிலைவிட்டுப் போனார். தின்னர் தோலின் எண்ணெயைக் கரைத்து ரெசினை இன்னும் உள்ளே கொண்டுபோகிறது. தோலில் பட்டால் உடனே துணியால் எடுத்து, சோப்பும் தண்ணீரும் மட்டுமே. நைட்ரைல் கையுறை, மணிக்கட்டு மூடிய சட்டை. கையுறை அழுக்கானதும் மாற்ற வேண்டும், அதே கையுறையோடு கைப்பிடியையும் முகத்தையும் தொடக்கூடாது. முழுதும் இறுகாத எபாக்சியைத் தேய்த்த தூசியும் இதே கேட்டைச் செய்யும், முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்.

கேள்வி: எபாக்சி ஒட்டிய இடத்துக்கு அருகே பிறகு வெல்டிங் செய்யலாமா?

கூடாது. சுமார் 200 டிகிரியிலேயே பசை பலமிழக்கும், எரிந்தால் நச்சுப்புகை வரும். வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே பசை.

கேள்வி: எல்லாம் செய்து மூடியாயிற்று. உள்ளே பசை சரியாக இறுகியிருக்கிறதா என்று திறக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

பசை கலந்த கோப்பையில் மிஞ்சியதை எறிந்துவிட்டீர்களா? இனி எறியாதீர்கள். அதே கலவையில் ஒரு சொட்டை, அதேபோல் தேய்த்துச் சுத்தம்செய்த ஒரு தகட்டுத் துண்டின்மேல் இட்டு, இன்னொரு துண்டை வைத்து ஒட்டி, காருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அதே காற்று, அதே வெப்பம். தேதியை அதன்மேல் எழுதுங்கள். மறுநாள் சொட்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு துண்டுகளையும் உளியால் பிளந்து பாருங்கள். இரண்டு முகங்களிலும் பசை ஒட்டியிருந்து, பசையே நடுவில் கிழிந்திருந்தால் உங்கள் கதவும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு முகத்தில் பசையும் மறு முகத்தில் வெறும் தகடுமாகப் பிரிந்தால், கதவைத் திறந்து மறுபடி தொடங்குங்கள்.